எட்டாவது மாடிப் பிணத்தின் மேலுறை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பழைய புத்தகம் வாங்கி விற்கிற வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'அட்டை'தான். முகத்துக்கு நேரே அட்டை சார், அந்தப் பக்கம் திரும்பியதும் வெறும் அட்டை. புத்தகத்தின் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வருஷத்து அச்சு என்று சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர் என்பது அவர் தரும் விளக்கம். யாரிடமாவது நல்ல புத்தகம் இருப்பதாக மோப்பம் பிடித்துவிட்டால் அது கைக்கு வரும்வரை காலில் ஒட்டிக்கொண்டு விடவே மாட்டார், அதனால்தான் என்பது மற்றவர்கள் தருவது. இரண்டுமே உண்மை. நாம் ஒரு மரியாதைக்கு அட்டையார் என்று வைத்துக்கொள்வோம்.

மின்விளக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகள் அவருடைய கடை. கீழே குழல்விளக்கைச் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் மாடி ஜன்னல் பளிச்சென்று மின்னி அணையும். வெயில் பட்டால் புத்தகத்தின் நிறம் போய்விடும் என்று அந்த ஜன்னலுக்கும் காக்கித் தாள் ஒட்டி வைத்திருந்தார். உள்ளே துப்பறியும் நாவல்கள், பேய்க்கதைகள், ராக்கெட்டில் ஏறி வேறு கிரகத்தில் இறங்கி அங்கேயும் காதலில் விழுகிற கதைகள். எல்லாம் முதல் பதிப்பு மட்டும். இரண்டாம் அச்சு என்று எங்காவது போட்டிருந்தால் அந்தப் புத்தகம் படி ஏறக் கூடாது. கனமான இலக்கியம் விற்கிற பக்கத்துத் தெரு வியாபாரி எதிரே வந்தால், "என்ன சார், இன்னிக்கு எத்தனை பிணம் விழுந்துச்சு?" என்று கேட்பார். அட்டையார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

மற்றபடி அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒரே ஒரு குறை, பொறாமை. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை வேறொருவருக்கு ஆசிரியர் கையெழுத்துடன் ஒரு பேய்க்கதை கிடைத்துவிட்டது. அட்டையாருக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்த்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, மை கலர்தான் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பசித்தது. இறந்துபோனவர்களின் வீட்டுக்குப் புத்தகம் எடுக்கப் போனால் அந்த இறந்தவர் மேலேயே பொறாமைப்படுவார். இந்த மனிதர் இதைப் புத்தம் புதிதாக, பாக்கெட்டில் கிடந்த சில்லறைக்கு வாங்கியிருக்கிறாரே! மாலை போட்ட படத்தை முறைத்துவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார்.

கதை புரிய வேண்டுமானால் இந்தத் தொழிலில் ஒரு சங்கதி தெரிய வேண்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகத்துக்கு மேலே வண்ணப்படம் அச்சிட்ட மெல்லிய தாள் ஒன்றைச் சுற்றியிருப்பார்கள் அல்லவா, அதுதான் மேலுறை. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் அதை மிட்டாய்க் காகிதம் மாதிரி உருவிப் போட்டுவிட்டார்கள். நூலகங்களும் உருவிப் போட்டன. அதனால் இன்று புத்தகம் கிடைத்தாலும் மேலுறை கிடைக்காது. மேலுறை இல்லாத புத்தகத்தை இவர்கள் மொட்டை என்பார்கள். எங்கேயோ கிடைத்த மேலுறையை வேறெங்கோ கிடைத்த மொட்டைக்குப் போட்டு முழுப் பிரதி ஆக்கினால் அதற்குப் பெயர் கல்யாணம். கல்யாணத்துக்குப் பொருத்தம் முக்கியம். இரண்டும் ஒரே அச்சைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், உயரமும் முதுகின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். அட்டையார் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு நூல் இருக்கும். அடுத்தவர் கடைக்குப் போய் நூலைப் பிடித்து அளந்து, "இது கள்ளக் கல்யாணம்யா" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிடுவார். அதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

அப்படிப்பட்டவரின் கைக்கு 'எட்டாவது மாடிப் பிணம்' நாவலின் மேலுறை வந்தது. லிஃப்ட் என்றால் நடுங்குகிற, எங்கேயும் படி ஏறியே போகிற ஒரு துப்பறிவாளரின் முதல் கதை அது. முதல் பதிப்பு கொஞ்சம்தான் அச்சானது. சட்டென்று விற்றுப்போகவே, பதிப்பாளர் கையில் கிடைத்த தடிமனான மலிவுத் தாளில் அவசர அவசரமாக இரண்டாம் அச்சு போட்டார். மேலுறையில் படம் அதே படம். உள்பக்கம் மடிகிற பகுதியில் மட்டும் இரண்டாம் அச்சில் நாலு வரி பாராட்டு கூடுதலாக இருக்கும். மூடப்போகிற ஒரு வாடகை நூலகத்தில், மேசை இழுப்பறையின் அடியில் தூசிக்காக விரித்திருந்தார்கள் அட்டையாரின் மேலுறையை. இழுப்பறைக்குப் பொருந்தட்டும் என்று யாரோ ஒரு மகானுபாவர் உள்மடிப்பு இரண்டையும் கத்தரித்து எறிந்திருந்தார். மற்றது எல்லாம் பளபளவென்று இருந்தது: பாதி திறந்த லிஃப்ட் கதவு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஷூ.

முதல் அச்சா, இரண்டாம் அச்சா? சொல்வதற்கு மடிப்பு இல்லை. அட்டையார் பார்த்தார், முதல் அச்சுதான் என்று தீர்ப்புச் சொன்னார், கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். அடுத்தவர் பொருளாக இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பை அவரே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்.

இனி சகலை வருகிறார். அட்டையாரின் மனைவிக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் பல் டாக்டர். பல்லுக்கு உறை போடுவதில் கெட்டிக்காரர். தலைமுடி கொட்டாதவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர், மாமனார் வீட்டில் நல்ல நாற்காலி யாருக்கு என்றால் அவருக்குத்தான். இதெல்லாம் போதாதென்று அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடமிருந்து கிளினிக்கை வாங்கியபோது, காத்திருக்கும் அறையின் பெஞ்சு, மீன் இல்லாத மீன்தொட்டி, வார இதழ் குவியல் எல்லாம் சேர்ந்தே வந்தன. அந்தக் குவியலில் கிடந்தது 'எட்டாவது மாடிப் பிணம்', மொட்டை, முதல் பதிப்பு. ஆயுளில் ஒரு துப்பறியும் நாவலையும் படித்திராத ஆள் போன் பண்ணிக் கேட்டார்:

"அண்ணே, இதுல ரெண்டாம் அச்சுன்னு எங்கேயும் போடலை. அப்ப இது முதல் பதிப்புதானே?"

அட்டையார் ஓடிப்போய்ப் பார்த்தார். முதல் பதிப்புதான். நூலை எடுத்து அளக்கத் தோன்றவே இல்லை, வயிறு அப்படி எரிந்தது. இந்தத் தெருத்தெருவாக அலைச்சல், கரையான் தின்ற பெட்டிகள், தும்மல், மூச்சிரைப்பு எல்லாம் தனக்கு. புத்தகம் மட்டும் பல் பிடுங்குகிறவனுக்கா?

"இதை வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணப் போறேன்? நீங்களே எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரும்போது கொண்டு வர்றேன்," என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடுதான் வந்தார். கூடத்தில் மாட்டியிருந்த மேலுறையின் முன்னால் போய் நின்றார். தலையைச் சாய்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முதுகுப் பகுதியை அளப்பது போலப் பிடித்தார். பிறகு காப்பி குடித்தார். கிளம்பும்போது புத்தகத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"இப்ப வேணாம்ணே. அப்புறம் பார்க்கலாம்."

அட்டையார் வாசலில் திகைத்துப்போய் நின்றார். மறுநாள் காலையில்தான் விஷயம் விளங்கியது. விளங்கியதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"புரிஞ்சுதா உனக்கு? வரும்போது குடுக்கிறேன்னு சொன்னவன், மேலுறையைப் பார்த்ததும் குடுக்க மாட்டேங்கிறான். பொறாமை! என்கிட்ட இப்படி ஒண்ணு இருக்கேன்னு வயித்தெரிச்சல்."

மனைவி போர்வையை மடித்துக்கொண்டே, "இருக்கும், இருக்கும்," என்றாள்.

அன்று தொடங்கியது அவருடைய நல்ல காலம். பொறாமைப்பட்டே பழகியவருக்கு, தன்மேல் ஒருவர் பொறாமைப்படுவது என்பது எப்பேர்ப்பட்ட விருந்து! அதுவும் யார், சகலை. மாமனார் வீட்டு நல்ல நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருந்தால் இப்போது அட்டையாருக்கு உறுத்தவில்லை. உட்காரட்டும், பாவம், உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறான். டாக்டர் வீட்டுக்கு வருகிறார் என்றால் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்து வைப்பார். பிறகு கீழ்க்கடையில் சொல்லி அதற்கு மேலே சின்ன விளக்கு ஒன்றும் பொருத்தினார். டாக்டர் அதைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்காருவார். பார்க்க முடியவில்லை அவனால், என்று அட்டையார் சமையலறைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுப்பார். வருஷத்துக்கு ஒருமுறை புத்தகத்தைக் கேட்பார். டாக்டர், "பார்க்கலாம்ணே," என்பார். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே கேட்டாரோ என்றுகூடத் தோன்றும்.

அப்படியே போயிருக்கலாம். நகர நூலகத்தில் துப்பறியும் கதைகளுக்கென்று ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். அதற்குப் பொறுப்பான நூலக அம்மாள் ஒரு நாள் அட்டையாரின் மாடி ஏறி வந்தார். நடுநாயகமாக ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், அதில் 'எட்டாவது மாடிப் பிணம்' முதல் பதிப்பு மேலுறையோடு இருந்தால் பிரமாதமாக இருக்கும், அப்படி ஒரு முழுப் பிரதி யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை, உங்களால்தான் சேர்த்துத் தர முடியும், என்றார். பெட்டியின் மேல் பித்தளைத் தகட்டில் உரிமையாளரின் பெயரைப் பொறிப்பார்களாம். நல்ல பெயரை, பெற்றோர் வைத்த பெயரை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க சார். தகடு அடிக்கக் குடுக்கணும்."

அட்டையாருக்குத் தகடு கண்ணுக்குள்ளேயே நின்றது. பக்கத்துத் தெரு இலக்கிய வியாபாரி குனிந்து அதைப் படிக்கிற காட்சி நின்றது. பொறாமையில் அந்த ஆளின் முகம் எப்படிப் போகும் என்று கண்ணாடி முன்னால் ஒரு தடவை செய்துகூடப் பார்த்தார். வேண்டியது சகலையிடம் இருக்கிற மொட்டை மட்டும்தான்.

கிளினிக்குக்குப் போனார். மதியம். பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர். உள்ளே வேறு நாற்காலி இல்லாததால் அட்டையார் நோயாளி சாய்கிற நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் படவில்லை. விஷயத்தைச் சொன்னார். மாற்றாகத் தன் கடையிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ராக்கெட் கதைகள் முழு வரிசையும் தருகிறேன் என்றார்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அண்ணே, ரெண்டையும் தனித்தனியா வைக்கச் சொல்லலாமே. புத்தகம் ஒரு பெட்டியில, மேலுறை ஒரு பெட்டியில. அழகாத்தான் இருக்கும்."

"கல்யாணம் பண்ணி வைக்கிறதை விட்டுட்டு ஏன்யா பொண்ணையும் மாப்பிள்ளையையும் ரெண்டு வீட்டுல உட்கார வைக்கிற?"

"எதுக்குண்ணே அவசரம். விடுங்க."

"நான் சொல்லட்டுமா எதுக்குன்னு?" அட்டையார் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார். "உனக்குப் பொறாமை! அன்னிக்கு அந்த மேலுறையைப் பார்த்ததுலேர்ந்து உனக்குத் தூக்கம் இல்லை. என் பேரு தகட்டுல வந்துடக் கூடாது, அவ்வளவுதானே? பல்லு புடுங்கினது போதாதுன்னு என் வயித்துல வேற ஏன்யா அடிக்கிற?"

பெஞ்சில் இருந்தவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். டாக்டர் கையுறையை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் பக்கத்து அறையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அட்டையாரின் மச்சினி, விருட்டென்று எழுந்து வந்தாள். பீரோவைத் திறந்தாள். புத்தகத்தை எடுத்து அட்டையாரின் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போங்க அத்தான். போயி மாட்டிப் பாருங்க."

"வேணாம்மா," என்றார் டாக்டர்.

"நீங்க சும்மா இருங்க. இந்தப் பேச்சை வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கேன். பார்த்துட்டு வரட்டும்."

தெருவில் அட்டையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து, மேலே கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். சகலையின் முகம் செத்துப்போயிருந்ததை நினைத்து நினைத்து மகிழ்ந்தார். பாவம் என்றுகூட ஒரு நிமிஷம் இரக்கப்பட்டார். ஜெயித்தவனுக்கு இரக்கம் எளிதாக வரும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துண்டில் இரண்டு முறை துடைத்தார். சட்டத்தின் ஆணிகளைக் கழற்றி மேலுறையை எடுத்தார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வந்து பாரு. இன்னிக்குத்தான் முகூர்த்தம்."

அவள் வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

புத்தகத்தை மேலுறையின் நடுவில் வைத்து இரு பக்கமும் தூக்கிச் சுற்றினார். முதுகில் அச்சிட்டிருந்த தலைப்பு முதுகில் நிற்கவில்லை. வழுக்கி முன்பக்கத்துக்கு வந்தது. அதை முதுகுக்கு இழுத்தால் லிஃப்ட் கதவு பாதி பின்பக்கமாகப் போனது. முன்பக்கத்தைச் சரியாக வைத்தால் பின்பக்கம் துருத்தியது. இந்த மேலுறை இதைவிடப் பருமனான ஒரு புத்தகத்துக்காகத் தைத்த சட்டை. தடித்த தாளில் அடித்த இரண்டாம் அச்சின் மேலுறை. அட்டையார் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். அளக்கத் தேவையே இல்லை, ஆனாலும் அளந்தார். மறுபடி அளந்தார். ஊரில் எத்தனையோ பேரின் கல்யாணத்தை நிறுத்திய நூல் அது.

நிமிர்ந்தபோது மனைவி அதே இடத்தில் நின்றாள். அவள் முகத்தில் துக்கம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவரு வந்து பார்த்த அன்னிக்கே. பல்லுக்கு உறை போடறவரு, பார்த்ததுமே அளவு தெரிஞ்சிடுச்சாம். தங்கச்சிகிட்ட சொன்னாரு, அவ என்கிட்ட சொன்னா. புத்தகத்தைக் குடுத்தா நீங்க மாட்டிப் பார்ப்பீங்க, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்க, இருக்கட்டும்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்காத குறை."

அட்டையார் உட்கார்ந்தார். கூடத்துச் சுவரில் சட்டம் இருந்த இடம் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. அதன் மேல் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. நூலக அம்மாள்.

"சார், இப்பத்தான் உங்க சகலை பேசினாங்க. புத்தகம் உங்ககிட்ட வந்துடுச்சாமே. உங்க பேரையே தகட்டுல போடச் சொன்னாங்க. மேலுறைத் தாள் ரொம்பப் பழசு, மாட்டினா கிழிஞ்சிடும், அதனால புத்தகத்தை மட்டும் தனியா வச்சா போதும்னு சொன்னாங்க. சரிதானே சார்? பேரோட எழுத்தைச் சொல்லுங்க, சரியா எழுதிக்கிறேன்."

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பெட்டி, தகடு, பெயர், வெளியே தெரியாமல் போகிற அவமானம். வாயைத் திறந்து சரி என்றால் போதும். யோசித்துப் பார்த்தால் சகலை பண்ணிய காரியம் அவ்வளவு கச்சிதம், ஒரு ஓட்டை விடவில்லை. அந்தக் கச்சிதத்தைக் கண்டு அட்டையாருக்கு வயிறு எரிந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே நூலை எடுத்து, எல்லோரையும் கூப்பிட்டு, கள்ளக் கல்யாணம் என்று சொல்லியிருப்பேனே!

"வேணாம்மா," என்றார். "புத்தகம் அவரோடது. அவர் பேரைப் போடுங்க. என்கிட்ட இருக்கிறது ரெண்டாம் அச்சு மேலுறை."

சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். லேசாகவில்லை. அவன் விட்டுக்கொடுத்தது யாருக்கும் தெரியாமல், இத்தனை வருஷமாக. தான் விட்டுக்கொடுத்ததோ, அவனைவிடக் குறைந்துபோகக் கூடாதே என்ற போட்டியில், ஒரு நிமிஷத்துக்கு முன்னால். பல் டாக்டர் இதிலும் முதல் பதிப்பு, தான் இரண்டாம் அச்சு.

மனைவி வந்து மேலுறையைச் சுருங்காமல் நீவி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்தாள்.

"இத்தனை வருஷமும் அவன் என்மேல பொறாமையில வேகறான்னு நெனச்சேன்டி," என்றார் அட்டையார். "கொஞ்சம்கூடவா இல்லை? ஒரு துளிகூட?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"உங்கமேல பொறாமைப்பட என்னங்க இருக்கு?"

அட்டையார் பதில் சொல்ல வாயெடுத்தார். ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். கூடத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். அவள் தட்டு வைக்கப் போய்விட்டாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.